பழஞ்சோறும் நெடுவாழ்வும்: வடசென்னை நெய்தல் மக்களின் உணவு

இராயபுரத்தை ஒட்டிப் பழைய சிறைச்சாலைச் சாலையில் அமைந்துள்ள ஸ்டான்லி மருத்துவமனையை அப்பகுதி முதியோர் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்குவர். இப்பெயர் எள்ளலால் எழுந்ததன்று, வரலாற்றால் எழுந்தது. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டித் தொண்டை நாட்டில் பஞ்சம் பரவிய காலத்தில், 1782ஆம் ஆண்டில், பசியால் நகர் நோக்கி வந்தோர்க்குக் கஞ்சி வார்க்க மணியக்காரர் சத்திரம் அங்கே தோன்றியது. 1799இல் அச்சத்திரத்தின் சார்பில் நோயாளர் இல்லம் ஏற்பட்டது. பின்னர் அது மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, 1934இல் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி, 1938இல் கல்லூரியாயிற்று. கஞ்சி வார்த்த இடமே மருந்து கொடுக்கும் இடமாக மாறியது எனலாம். அம்மருத்துவமனையின் குடல் அறுவை மருத்துவத் துறையினர் 2021ஆம் ஆண்டில், மாநில அரசின் துணையோடு, பழைய சோறு குடல் அழற்சி நோயுடையார்க்கு எவ்வாறு பயன்படும் என்று ஆராயத் தொடங்கினர். இருநூற்று நாற்பது ஆண்டுக்குப் பின்னர்க் கஞ்சித் தொட்டி தன் பழைய பொருளையே மீண்டும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டமை கருதற்குரியது.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கு நோக்கி நீளும் இக்கடற்கரையில் வாழ்ந்த நெய்தல் மக்களின் பழைய உணவு யாது, அது உடல் நலத்துக்கும் நெடுவாழ்வுக்கும் எவ்வகையில் துணை நின்றது என்பன ஈண்டு ஆராயப்பெறும். ஆராயுமுன் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும்.

'நம் முன்னோர் பழஞ்சோறுண்டு நூறாண்டு வாழ்ந்தனர்' என்னும் கூற்று மேடைகளிலும் நூல்களிலும் பயின்று வருகின்றது. 1941 முதல் 1951 வரையுள்ள பத்தாண்டில் இந்திய மக்களின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டே. 2016-2020ஆம் ஆண்டுகளுக்குரிய கணக்கில் அது 70 ஆக உயர்ந்துள்ளது. அம்மையும் கழிச்சலும் காய்ச்சலும் குழவிகளையும் மகப்பேற்றுப் பெண்டிரையும் வாரிக்கொண்டு சென்ற காலத்தில் எந்த உணவும் சராசரியை உயர்த்தியிருக்க இயலாது. வாழ்நாளை நீட்டியவை தூய குடிநீரும் அம்மைக் குத்தலும் மருந்துமே. ஆதலின், பழைய உணவு மக்கள் அனைவரையும் நூறாண்டு வாழ்வித்ததா என்று வினவுவது பயனின்று. இளமையில் நேரும் சாவினின்று தப்பி நடுவயது கடந்தோர், நீரிழிவு, குருதிக் கொதிப்பு முதலிய நெடுநோய்கட்கு ஆளாகாமல் உழைத்து முதுமையடைய அவ்வுணவு உதவியதா என்பதே வினா. இதற்கு விடை காண இலக்கியமும் வேண்டும், உணவியலும் வேண்டும்.

தொண்டை நாட்டையும் அதனை அடுத்த ஓய்மா நாட்டையும் பாடும் ஆற்றுப்படைகள் இரண்டு நமக்கு நற்சான்றாகின்றன. சிறுபாணாற்றுப்படையில், மரக்காணப் பகுதியினது என அறிஞர் கருதும் எயிற்பட்டினத்துக்குச் செல்லும் பாணன், நுளைச்சியர் வடித்த தேறலையும் உலர்ந்த குழல்மீனின் சூட்டையும் பெறுவான் என நத்தத்தனார் கூறுகின்றார். கருவாட்டுக்கு இதனினும் பழைய சான்று தேட வேண்டுவதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இன்னும் நுட்பமானது. நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் வலைஞர் குடியில் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அதனைப் புளிக்க வைத்துப் பிழிந்த நறவும், சுட்ட மீனும் கிடைக்கும் என்கின்றார் புலவர். 'அவையா அரிசி' என்பது அவர் சொல். உமி நீங்கியும் தவிடு நீங்காத இத்தகைய அரிசியைப் பிற்காலத்தார் கொழியல் அரிசி என்றனர்.

இதனோடு பொருநராற்றுப்படையை ஒப்பு நோக்குக. கரிகாலன் பொருநனுக்கு இட்ட விருந்தில் அமைந்தது 'முரவை' போன அரிசி. அஃதாவது தவிட்டு வரி முற்றும் நீங்கத் தீட்டியும் முனை முரியாத அரிசி. விரல்போல் நிமிர்ந்த அச்சோற்றை முடத்தாமக் கண்ணியார் வியந்து பாடுகின்றார். வெண்சோறு வேந்தன் விருந்து. தவிட்டரிசி வலைஞன் உணவு. இரண்டாயிரம் ஆண்டாக நம் நாட்டு ஏழையின் கனவு வெண்சோறாகவே இருந்துள்ளது. எந்திரம் வந்ததும் அக்கனவு நனவாயிற்று; அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

பெரும்பாணாற்றுப்படையிலேயே மற்றோர் இடமும் உண்டு. வலிய கையினையுடைய உழைப்பாளிகளின் சிறுவர், பழஞ்சோற்றுத் திரளை வெறுத்து, குடிசை முன்றிலில் அவல் இடிக்கின்றனர். உலக்கையொலி கேட்டுக் கிளிகள் அஞ்சுகின்றன. பழஞ்சோற்றைப் போற்றுவோர் யாவரும் இப்பகுதியை மேற்கோள் காட்டுவர். சிறுவர் அதனை வெறுத்தனர் என்பதை மட்டும் விட்டுவிடுவர். நாள்தோறும் அதுவே உணவாயின் எவர்க்கும் சலிப்புண்டாதல் இயல்பன்றோ? பழஞ்சோறு அறிவர் வகுத்த மருந்துணவன்று. மாலையில் ஒருமுறை உலையேற்றி, எஞ்சியதை மறுநாட் காலைக்கு வைத்துக்கொண்ட உழைப்பாளர் இல்லத்து ஏற்பாடு. அதன் நலம் வறுமையின் ஊடே விளைந்தது.

இனி 'புழுக்கல்' என்னும் சொல்லை நோக்குவோம். சங்க நூல்களில் அது அவித்த சோற்றையும் அவித்த பிறவற்றையும் குறித்தது. பட்டினப்பாலையில் பரதவர், சுட்ட இறாலோடு ஆமைப் புழுக்கும் உண்கின்றனர். பிற்காலத்தில் அதன் வழிவந்த 'புழுங்கல்' என்பது நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்திய அரிசிக்கே உரிய பெயராயிற்று. இச்சிறு மாற்றத்தின் பின்னே பெரிய உடல்நல வரலாறு ஒன்று மறைந்துள்ளது. நெல் உமியோடு அவியும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தாகிய தயமின் நீரோடு கலந்து அரிசியின் உட்பகுதியிற் சென்று படிகின்றது. அரிசியும் இறுகுகின்றது. எனவே பின்னர்த் தீட்டினும் அச்சத்து முழுதும் நீங்குவதில்லை. பச்சரிசிக்கு இக்காப்பு இல்லை. எந்திரத்தில் தீட்டிய அளவே அதன் உயிர்ச்சத்துத் தவிட்டோடு போய்விடும்.

இவ்வேறுபாடு சென்னை மாகாணத்தில் கண்கூடாயிற்று. எந்திரத்தில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் கால் சோர்ந்து நெஞ்சு வீங்கும் பெரிபெரி நோய் பெருகியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிது. குன்னூரில் மெக்காரிசன் நிறுவிய உணவாராய்ச்சிக் கூடத்தார் இதனை விரிவாக ஆராய்ந்தனர். அவர்க்குப் பின் அக்கூடத்தின் தலைவராயிருந்த அய்க்ராய்டும் உடனுழைத்தோரும் 1940இல் இந்திய நாட்டு அரிசிச் சிக்கல் பற்றித் தனி நூலே வெளியிட்டனர். அக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது.

தமிழுணவைப் போற்றுவோர் மெக்காரிசனின் மற்றோர் ஆய்வையும் மறைத்தல் ஆகாது. அவர் இந்தியாவின் பல்வேறு இனத்தார் உண்ணும் உணவை எலிக்கூட்டங்கட்குத் தனித்தனியே ஊட்டி வளர்ச்சியை அளந்தார். சீக்கியர் உணவுண்ட எலிகள் முதலிடம் பெற்றன. சென்னையர் உணவுண்டவை கடையிடம். இம்முடிவு நமக்குக் கசப்பாயினும், அவர் ஊட்டியது யாது என நோக்கல் வேண்டும். தீட்டிய அரிசியே மிகுதியாகவும், பாலும் கீரையும் கனியும் அருகியும் அமைந்த, அக்காலத்து வறியவர் உணவு அது. சென்னையர் உணவென்று ஒன்று என்றும் மாறாமல் இருந்ததில்லை. நாம் போற்றுவதும் அவர் தாழ்த்தியதும் ஒரே பெயருடைய இரு வேறு பொருள்கள்.

பழஞ்சோற்றின் செய்தியும் இத்தகையதே. வடித்த சோறு ஆறியபின் நீரூற்றி மண்சட்டியில் இரவெல்லாம் வைக்கப்பெறும். அவ்விரவில் இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. ஒன்று, ஆறிய சோற்றின் மாவில் ஒரு பகுதி மீண்டும் இறுகி, சிறுகுடலில் எளிதிற் செரியாத வடிவம் பெறுகின்றது. அது பெருங்குடலைச் சென்றடைந்து அங்குள்ள நுண்ணுயிர்கட்கு இரையாகிறது. குருதியில் சர்க்கரை விரைந்து ஏறாமைக்கும் துணையாகிறது. மற்றொன்று, காற்றினின்றும் கலத்தினின்றும் சேரும் இலாக்டிக் அமில நுண்ணுயிர்கள் நீரைப் புளிக்கச் செய்கின்றன. அப்புளிப்பால் தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் குறைய, இரும்பு முதலிய தாதுக்கள் உடலிற் சேர்வது எளிதாகின்றது. நீரும் உடன் குடிக்கப்படுதலின் கரைந்த சத்தும் வீணாவதில்லை. வெயிலில் உப்பு நீரோடு போராடித் திரும்பும் மீனவனுக்கு நீரும் உப்பும் மாவும் ஒருங்கே தரும் உணவு இதனினும் எளியது வேறில்லை.

பழஞ்சோற்றில் இரும்புச் சத்துப் பன்மடங்கு 'பெருகுகிறது' என இக்காலத்துப் பலர் எழுதுகின்றனர். இரும்பு ஒரு தனிமம். புளிப்பதனால் அது பிறவாது. முன்னரே உள்ளது உடலுக்குக் கிட்டும் நிலை பெறுகின்றது என்பதே நேரிய கூற்று. மிகைக் கூற்று நல்ல பொருளுக்கும் இழுக்கே தேடித் தரும்.

சித்த மருத்துவ நூலார் முதல்நாட் சமைத்ததை விலக்கினர் என்று சிலர் தடை எழுப்புவர். தேரையரின் நோயணுகா விதியில் அங்ஙனம் ஒரு விலக்கு உளது உண்மையே. ஆயின் அவர் விலக்கியது முதல்நாட் 'கறி'. சங்க காலத்தில் மிளகைக் குறித்த இச்சொல் பின்னர்ச் சோற்றுக்குத் துணையாகும் தொடுகறியைக் குறித்தது. தேரையர் கருதியதும் அதுவே. நீரிலிட்ட சோறு அவ்விலக்கினுள் அடங்காது என்பது எம் கருத்து. வேடிக்கை யாதெனில், வடசென்னை மீனவர் இல்லத்தில் பழஞ்சோற்றுக்குச் சிறந்த துணையாகக் கருதப்படுவது முதல்நாள் மீன்குழம்பே! தேரையர் கேட்பின் முகஞ்சுளித்திருப்பார் போலும். எனினும், மிகுந்த புளியும் மீண்டும் கொதிக்க வைத்துச் சுண்டச் செய்யும் வழக்கமும் அக்குழம்பைக் கெடாது காத்தன. விலக்கு எழுந்த காரணத்தை அறிந்து அதற்கு மாற்றுக் கண்ட அறிவு அடுக்களையில் இருந்தது.

மீனுணவில் நாம் சிறப்பாக நோக்க வேண்டுவது சிறு மீன்களையே. வஞ்சிரமும் வவ்வாலும் சந்தைக்குப் போகும். வீட்டுச் சட்டிக்கு வருவன நெத்திலி, கவலை, காரப்பொடி, காணாங்கத்தை முதலியன. பிடித்தவன் நல்லதை விற்று எளியதை உண்டான் என்று இரங்குவோம்; உணவியல் வேறு கூறுகின்றது. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்கின்றது. கவலையும் காணாங்கத்தையும் நெஞ்சுக்கு நலஞ்செய்யும் ஒமேகா-3 கொழுப்பு மிக்கவை. பெருமீன்கள் சிறுமீன்களைத் தின்று நெடுநாள் வாழ்தலின் அவற்றுடலில் பாதரசம் திரள்கின்றது. சிறு மீனில் அக்கேடு குறைவு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பால்சுறாப் புட்டுக் கொடுக்கும் வழக்கம் இக்கரையில் உண்டு. சுறாவில் பாதரசம் சேரும் என்பதை இன்று அறிந்துள்ளோமாதலின், அவ்வழக்கை அளவோடு கொள்ளலே நன்று. முன்னோர் செய்தது என்பதனாலேயே ஒன்று பழுதற்றதாகிவிடாது.

கருவாட்டுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். கிழக்குக் கடற்கரையில் இப்போது ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடல் செல்லத் தடை உண்டு. தடைச் சட்டம் இல்லாத காலத்தும் புயலும் மழையும் கடலைப் பல நாள் மூடின. அந்நாட்களில் புரதம் தந்தது கருவாடே. ஆயின் அதன் உப்பு மிகுதி. ஒருவர் ஒருநாளிற் கொள்ளும் உப்பு 5 கிராமுக்குக் குறைதல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. வியர்வை வழியத் துடுப்பு வலித்தவனுக்குப் பொருந்திய உப்பு, அமர்ந்து தொழில் செய்யும் அவன் பெயரனுக்குக் குருதிக் கொதிப்பாகின்றது.

ஆடித் திங்களில் இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதி அம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல் இன்றும் பெருவிழாவே. கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து, நொய்யரிசி சேர்த்துத் துழாவிய கூழுக்கு முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் துணை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்கும் இல்லை. நாட்கூழாய் இருந்தது ஆண்டுக்கொருமுறை வரும் படையலாயிற்று. வழக்கொழிந்த உணவுகள் கோயிலிற் புகலடைதல் பண்பாட்டு வரலாற்றிற் பலவிடத்தும் காணப்படுவதொன்று.

மாற்றம் எப்போது நேர்ந்தது? உரலும் உலக்கையும் இருந்தவரை அரிசியை முற்றும் வெளுக்கச் செய்தல் பெரும்பாடு; ஆதலின் எளியோர் அதற்கு முயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரவை எந்திரங்கள் ஊர்தோறும் பரவின. கடல் வழியே பர்மா அரிசியும் சென்னைக்கு வந்திறங்கியது. 1942இல் பர்மா வீழும்வரை அவ்வரவு நின்றதில்லை. 1934இல் காந்தியடிகள் தொடங்கிய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் வாயிலாகத் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா கைக்குத்தலரிசிக்காக இடையறாது வாதிட்டார். 1958இல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்தும் சட்டமும் இயன்றது. ஆயினும் உலக்கை மீளவில்லை. மீள வேண்டும் என்றும் எவரும் எளிதிற் கூறிவிடலாகாது. அவ்வுலக்கையை நாள்தோறும் ஏந்தியவர் பெண்டிர்.

வேந்தன் விருந்தின் முரவை போன அரிசி இவ்வாறு எல்லார் வீட்டுக்கும் வந்தது. 2009இல் வெளிவந்த சென்னை நகர ஆய்வு ஒன்று, நகரத்தார் பெறும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்தினின்றே வருகின்றது எனவும், அதில் பெரும்பங்கு வெள்ளரிசி எனவும் காட்டியது. அவ்வாய்வு வரிசையிலேயே, தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்போரிடம் நீரிழிவு காணப்படும் வாய்ப்பு, குறைவாக உண்போரிடம் காணப்படுவதினும் ஐந்து மடங்கு என்பது தெரிய வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நிகழ்ந்து 2023இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் எனக் கணித்துள்ளது. அரிசி ஒன்றே குற்றவாளி அன்று. கட்டுமரம் விசைப்படகாயிற்று, சுமை தூக்கிய துறைமுகத்தில் பாரந்தூக்கி நிற்கின்றது, உடலுழைப்புக் குறைந்தும் தட்டிலிடும் சோற்றின் அளவு குறையவில்லை. இக்காரணங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்பன.

யப்பான் நாட்டு ஒக்கினாவாத் தீவு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. நெடுவாழ்வுக்குப் பெயர்பெற்ற அத்தீவின் பழைய மக்கள் பெரும்பாலும் வள்ளிக்கிழங்கும் காய்கறியும், சிறிதளவே மீனும் உண்டனர். அதுவும் வறியவர் உணவே. உணவு மாறிய தலைமுறையில், 2000ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அத்தீவின் ஆடவர் வாழ்நாள் யப்பானின் 47 மாநிலங்களுள் 26ஆம் இடத்துக்குச் சரிந்தது. தீவும் பெயரும் மாறவில்லை; தட்டு மாறியது. சொல் நிலைபெற்றிருக்கப் பொருள் மாறுதல் மொழியில் மட்டும் நிகழ்வதன்று. இராயபுரத்தில் இன்று 'பழையது' என்று உண்ணப்படுவது, பெரும்பாலும் எந்திரத்தில் வெளுத்த அரிசியைச் சமைத்து, எவர்சில்வர்ப் பாத்திரத்திலோ குளிர்ப்பெட்டியிலோ வைத்த சோறு. குளிர்ப்பெட்டியில் சோறு இறுகும், புளியாது. மேற்கூறிய இரு செயல்களுள் ஒன்றே நிகழும். பழஞ்சோற்றை ஆய்வோர் எவ்வரிசி, எக்கலம், எத்தனை நாழிகை என்று குறித்தாலன்றி அவர்தம் முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் அரிது.

மீனின் நிலையும் அவ்வாறே. கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் மடவைக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் பேர்பெற்றது. அக்கழியில் அனல் மின் நிலையச் சாம்பல் பல்லாண்டாகப் படிந்து வந்துள்ளது. 2017 சனவரியில் எண்ணூரை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழி முழுதும் பரவி வலைகளையும் படகுகளையும் கருக்கியது. நெத்திலியின் முள்ளும் கவலையின் கொழுப்பும் நலம் செய்வன என்பது, அம்மீன் வாழ்ந்த நீர் தூயதாயிருந்த காலத்துக்குப் பொருந்திய உண்மை. கழிமுகத்து நண்டிலும் மடவையிலும் என்ன சேர்ந்துள்ளது என்பதை ஆண்டுதோறும் அளந்து அம்மக்களுக்கே தெரிவித்தல் வேண்டும்.

மருத்துவக் கல்லூரி தன் பங்கைத் தொடங்கியுள்ளது. தமிழ்த் துறையின் பங்கு வேறு. காசிமேட்டு முதியோர் வாய்மொழியில் கூழின் பதம், கஞ்சியின் பதம், சோறு புளித்த அளவு, கருவாடு காய்ந்த நிலை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் இன்னும் வழங்குகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1936இல் முடிவுற்றபோது இக்கடற்கரை வழக்குகள் பல அதில் இடம்பெறவில்லை. சமைக்கும் முறையைச் சொல்லும் சொற்களாதலின், அவற்றை மீன் பெயர்களோடு சேர்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அரிசி, கலம், காலம் இவற்றையும் குறித்துத் தொகுக்கும் பணியை நம் முதுகலை மாணவர் மேற்கொள்ளலாம். தொகுப்பைக் கூழில் தொடங்குவது எளிது. ஆடி மாதத்தில் கோயில் முன்றிலிலேயே அதைத் துழாவும் பெண்டிரைக் கேட்டறியலாம்.